கேட் தூணும் வலது கையும்

— தூண் குறுக்க வந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க சார். காலைலேருந்து இந்த ஷெட்டுக்கு அப்படிச் சொல்லிட்டு வந்தவங்க மூணு பேர்.

— சேச்சே! தூண் அது பாட்டுக்குப் பதினாலு வருஷமா அங்கேயேதான் நிக்குது தாயே. என் வீட்டு கேட் தூண். போன வாரம் நானேதான் போய் இடிச்சேன். அதுவும் கார் மேல ‘டிரைவிங் ஸ்கூல்’னு போர்டு வச்சுக்கிட்டு. எதிர் வீட்டுல ரெண்டு பேரும் என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிட்டவங்க. வாசல்ல சிரிச்சா மரியாதை இல்லன்னு உள்ள ஓடிப் போய் சிரிச்சாங்க.

— இவரைப் பேசவிட்டா நீ கடையை மூடற வரைக்கும் பேசுவாரு கண்ணு. நான் பக்கத்து சீட்டுலதான் இருந்தேன். ஸ்டியரிங் திடீர்னு கல்லு மாதிரி ஆயிடுச்சு. இவர் மேல தப்பே இல்ல. கார்தான் சரியில்ல.

— கேட்டீங்களா? கட்டிக்கிட்டு முப்பத்தோரு வருஷம். பால் பொங்கி வழிஞ்சா என் தப்பு, துணி காயலன்னா என் தப்பு. இப்ப என் மேல தப்பே இல்லையாம்!

— உண்மையைச் சொன்னாலும் குத்தமா?

— சரி விடுங்கம்மா. சார், மீட்டர்ல ஸ்டியரிங் லைட் எரிஞ்சுதா? சக்கரப் படம், பக்கத்துல ஆச்சரியக்குறி.

— ரெண்டு வாரம் எரிஞ்சுது. எதைப் பார்த்து அவ்வளவு ஆச்சரியம்னு எனக்கும் புரியல. ஒரு பாட்டில் ஸ்டியரிங் ஆயில் வாங்கிட்டு வந்து, எங்க ஊத்தறதுன்னு ஒரு மணி நேரம் மூடியைத் தேடினேன்.

— இதுல ஆயிலே கிடையாது சார். பம்பு, ஆயில் எல்லாம் பழைய கார்ல. இதுல ஒரு மோட்டார். நீங்க லேசா திருப்பினா போதும், அது கூடச் சேர்ந்து திருப்பும். அதுக்கு வேண்டியது கரண்ட் ஒண்ணுதான். அப்புறம் என்ன பண்ணீங்க?

— அப்புறம் லைட் தானா அணைஞ்சுடுச்சு.

— தானாவா?

— ஏங்க, டாக்டர்கிட்ட மழுப்பின மாதிரி இங்கயும் மழுப்பாதீங்க.

— டாக்டர் எதுக்கும்மா?

— இவர் வலது கை கண்ணு. ஒரு மாசமா விரல் மரத்துப் போகுதாம். ரெண்டு டம்ளரைக் கீழ விட்டுட்டாரு.

— ரெண்டும் கண்ணாடி. ஸ்டீல் டம்ளரா இருந்தா சத்தத்தோட போயிருக்கும், இப்படிப் புகார் வரைக்கும் வந்திருக்காது.

— எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு!

— சரி, சிரிக்கல. இங்க பாருங்க தாயே. டாக்டர் ‘பார்க்கலாம்’ங்கறாரு. பையன் ‘ரெஸ்ட் எடுங்கப்பா’ங்கறான். இவ என்னடான்னா கார் மேல பழியைப் போடறா. ‘உங்க மேல தப்பில்ல’ன்னு இவ வாயால கேட்டப்பதான் கை மேல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. திங்கக்கிழமை மூணு பேர் புதுசா ஓட்டக் கத்துக்க வராங்க. பயந்து போய் அவங்க கையை விட்டாங்கன்னா, பக்கத்துலேருந்து இந்தக் கையாலதான் நான் ஸ்டியரிங்கைத் திருப்பணும். திருப்ப முடியலன்னா? கை போச்சுன்னா சொல்லிடுங்க, இன்னைக்கே போர்டைக் கழட்டிடறேன். கையா, காரா?

— பேட்டரி மேல வயர் மாட்டற டெர்மினலைக் கழட்டினீங்களா சார்?

— ஏன் கேக்கறீங்க?

— ரெண்டு விரலால பிடிச்சா கையோட வருது. இதோ.

— அது… போன்ல ஒரு வீடியோ. கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டினா லைட் அணைஞ்சுடும்னான். அணைஞ்சுதே!

— மாட்டினப்ப ஸ்பானர் போட்டு முறுக்கினீங்களா?

— ஸ்பானர் மாடியில இருந்துச்சு.

— சரியாப் போச்சு. லைட் எரிஞ்சதே பேட்டரி வீக்குன்னுதான். அதுக்கு மேல இப்ப டெர்மினலும் லூசு. மெதுவா போய் ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கும்போதுதான் மோட்டாருக்குக் கரண்ட் ஜாஸ்தி வேணும். கேட்டுல திரும்பினீங்க, கரண்ட் வரல, மோட்டார் கையை விரிச்சுடுச்சு.

— அப்ப என் கை?

— இருங்க. ஸ்டியரிங் ஃப்யூஸை உருவிட்டேன். அன்னைக்கு இருந்த மாதிரி மோட்டார் இல்லாம நானே திருப்பறேன். தினம் டயர் தூக்கற கை இது. பாருங்க… ம்ம்ம்ம்…

— ஐயோ, மூச்சு வாங்குதே கண்ணு! விடு, விடு.

— ரெண்டு கையாலயும் எனக்கே இவ்வளவுதான் வருது. சரி, ஃப்யூஸைப் போட்டாச்சு, டெர்மினலை முறுக்கியாச்சு. நீங்க உக்காருங்க சார். வலது கை மட்டும்.

— மட்டுமா?

— மட்டும்தான். இந்தக் கோடி வரைக்கும் ஒடிங்க. இப்ப அந்தக் கோடி. பேட்டரியைக் கழட்டினா எது நடுவுன்னு ஸ்டியரிங்குக்கு மறந்துடும், இப்படித் திருப்பிக் காட்டணும். ஆனா கோடியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நிக்காதீங்க, மோட்டார் சூடாகும்.

— வருது! தாயே, வருது! ஏய், பாரு, ஒத்தைக் கை!

— பார்த்துட்டுதாங்க இருக்கேன்.

— நீ ஏன் கண்ணைத் தொடைக்கற?

— கிரீஸ் வாசனை.

— பேட்டரியை மாத்திடுங்க சார். டயர்ல காத்து குறைய விடாதீங்க, குறைஞ்சாலும் மோட்டாருக்குத்தான் பாரம். விரல் மரத்துப் போறதுக்கு டாக்டரை விட்டுடாதீங்க, அது எனக்குத் தெரியாத ரிப்பேர். ஆனா அன்னைக்குத் தூணை இடிச்சது கை இல்ல.

— அப்ப கார்தான், இல்லையா? ஏம்மா, நீ சொன்னதுதான் சரியா?

— நான் சொன்னது பொய்ங்க. உங்க கைதான்னு நினைச்சேன். வாய் வரல, அதான் கார் மேல போட்டேன்.

— இப்பவாவது நேரா சொல்லேன். யார் மேல தப்பு?

— கார் மேலயும் இல்ல, கை மேலயும் இல்ல, எல்லாம் உங்க தப்புதான்! மாடி ஏறி ஒரு ஸ்பானர் எடுத்துட்டு வரச் சோம்பல் பட்டுக்கிட்டு, நல்லா இருந்த தூணை இடிச்சு, ஒரு வாரமா என் தூக்கத்தைக் கெடுத்துட்டு, இப்ப இளிப்பைப் பாரு! இறங்குங்க மனுஷா, வீட்டுக்குப் போகலாம்.