கூரையில் ஒரு சிவப்புக் கைப்பிடி

எங்கள் விமானத் திடலில் சனிக்கிழமைக் காலைகளில் பான்கேக் சுடுவது நான்தான். மாவை ரொம்பக் கலக்கக் கூடாது. கட்டி கட்டியாக இருக்கும்போதே கல்லில் ஊற்றிவிட வேண்டும். மின்னசோட்டா மாநிலத்தின் வடக்குப் பகுதியில் சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் பலர் அதற்காகவே பறந்து வருவார்கள். அன்றைக்கும் சுட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் பெயர் ஆர்விட். இந்தப் பக்கத்தில் பறக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவர்களுடைய விமானங்களைப் பழுது பார்ப்பதும் நான்தான். என் மருமகன் ட்ராவிஸ் மட்டும் வேறிடத்தில் கற்றுக்கொண்டு வந்தான். பல் டாக்டர். நல்ல பையன்தான், மறுக்கவில்லை. அவன் வாங்கிய விமானத்தில் வான்குடை உண்டு. ஆளுக்கு அல்ல, விமானத்துக்கே. தலைக்கு மேலே கூரையில் சிவப்புக் கைப்பிடி இருக்கும். இழுத்தால் பின்னாலிருந்து ராக்கெட் ஒன்று குடையை உருவிக்கொண்டு பாயும், விமானம் அதில் தொங்கியபடி இறங்கும். மேலே எழும்பிக் குறிப்பிட்ட உயரம் வந்ததும் "குடை தயார்" என்று சத்தமாகச் சொல்வது அவர்கள் வழக்கம். ட்ராவிஸ் அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

"உங்க காலத்துல சாமியக் கும்பிட்டுக்கிட்டு ஏறினீங்க பெரியவரே. எங்களுக்குக் குடை இருக்கு."

சிக்னேயும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். எனக்கு ஒரே மகள்.

அந்தக் குடையை நம்பி அவன் எந்த மேகத்துக்குள்ளும் நுழைவான். காற்று அடிக்கிற நாளில் எங்கள் திடலுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் பெரிய ஏரியைத் தாண்டுவான். சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். என் மகளை விதவையாக்கிவிடுவானோ என்று எனக்குப் பயம்.

அதனால் வருஷப் பரிசோதனைக்கு விமானம் என்னிடம் வந்தபோது, கைப்பிடியிலிருந்து ராக்கெட்டுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டேன். வெளியே பார்த்தால் தெரியாது. எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கெட்ட எண்ணமில்லை. கோடை முழுக்கப் பறக்கட்டும், பிறகு இத்தனை நாளும் குடையில்லாமல்தான் பறந்தாய் என்று எல்லார் முன்னாலும் சொல்லலாம் என்றிருந்தேன். அப்போது அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். அக்டோபர் வரை அதற்குத் தோதான நேரம் வாய்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ரேடியோவில் ட்ராவிஸ் கூப்பிட்டான். ஏரிக்கு மேலே வந்துகொண்டிருந்தான். எங்கள் பக்கம் மேகம் தாழ்ந்துவிட்டது.

"திரும்பிப் போ" என்றேன்.

"அட விடுங்க பெரியவரே. சிக்னேயும் கூட வந்திருக்கா, பசிக்குதுங்கிறா. ரொம்ப மோசமானா கைப்பிடிய இழுத்துட்டாப் போச்சு."

அவள் வருவது எனக்குத் தெரியாது. இதை மட்டும் உங்கள் விசாரணை அறிக்கையில் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் வந்த வழியில் வானம் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. குடை வேலை செய்யாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பியிருப்பான். ஆனால் ரேடியோவைச் சுற்றி என் மாணவர்கள் தட்டும் கையுமாக நின்றார்கள். சொன்னால் உரிமம் போகும், அப்புறம் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. எப்படியும் சமாளித்துவிடுவான் என்றும் தோன்றியது.

"பார்த்து வா" என்றேன்.

மேகத்துக்குள் இறக்கையில் பனி உறைந்து, விமானம் பாரம் தாங்காமல் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டது. அடுத்துப் பேசியது சிக்னே. அவள் கத்தவில்லை.

"அப்பா, இழுத்துட்டோம். ஒண்ணுமே ஆகல. என்னப்பா பண்றது?"

எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

"கெட்டியாப் புடிச்சு இழும்மா. ரெண்டு கையாலயும் இழு."

"ரெண்டு பேருமே இழுக்கிறோம்ப்பா."

குடையை மறந்துவிட்டு ஓட்டியிருந்தால் கரை வரைக்கும் காற்றிலேயே சறுக்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். உண்மைதான். என்னிடம் படித்தவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ரேடியோ நிற்கும்வரை நான் இழு, இழு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கம்பியைக் கழற்றியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மகள் நம்பிக்கை இழந்து போகவில்லை. கடைசி வரை அவளுக்கு நம்பிக்கை கொடுத்தது நான்தான்.