பிறைக் குறி போட்ட ஒட்டு

1971ஆம் வருடம் பிப்ரவரி மாதம் 9ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு, தஞ்சாவூர் மாவட்டம் நீடாமங்கலத்தில், சப் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அல்லா பிச்சை என்பவர் தாமாகவே ஆஜராகிச் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் அல்லா பிச்சை. தகப்பனார் மீரா உசேன், காலமாகிவிட்டார். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு வடபுறம், சாலையின் கிழக்கு ஓரத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி பெயர் சைத்தூன் பீவி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மிராசுதார் தியாகேசன் அவர்களுடைய கார் டயரை அரிவாளால் வெட்டி அவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதாக, அவருடைய குத்தகைதாரர் கோவிந்தராசு மீது போடப்பட்டுள்ள வழக்கில், சென்ற மாதம் 29ஆம் தேதி நான் ஏட்டையாவிடம் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதியை நான் விழுங்கிவிட்டதால் கோவிந்தராசு ஜெயிலில் இருக்கிறார். அந்த மீதியைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் வந்திருக்கிறேன்.

இதற்குப் பன்னிரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். பழங்கதை வேண்டாம், விஷயத்துக்கு வா என்று சப் இன்ஸ்பெக்டர் ஐயா சொல்கிறார்கள். இந்த வழக்கில் பழங்கதைதான் விஷயம்.

1959ஆம் வருடம் தை மாதம், நல்ல அறுப்புக் காலம். நீடாமங்கலத்துக்கு வடக்கே சாலையை ஒட்டினாற்போல் கோவிந்தராசு குத்தகைக்குப் பார்த்து வந்த தியாகேசன் ஐயாவின் நிலத்தில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கோவிந்தராசின் மனைவி பூவம்மாள் நிறைமாதமாக இருந்தும், சொன்ன பேச்சைக் கேட்காமல் அறுப்பில் நின்றிருக்கிறார். பதினொரு மணி சுமாருக்கு அவருக்கு வலி கண்டுவிட்டது. கையிலிருந்த அரிவாளைச் சாலை ஓரத்துக் கதிர்க்கட்டின் மேல் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அறுப்பைப் பார்க்க வந்திருந்த தியாகேசன் ஐயா, தன் காரிலேயே மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி, தானும் முன் ஸீட்டில் ஏறிக்கொண்டார், கோவிந்தராசு மனைவியோடு பின்னால் ஏறினார். டிரைவர் அவசரத்தில் காரைப் பின்னால் எடுக்க, பின் சக்கரம் அந்தக் கதிர்க்கட்டின் மேல் ஏறி, பூவம்மாளின் அரிவாள் டயரின் பக்கவாட்டில் மூன்று விரல்கடை அகலத்துக்குப் பாய்ந்துவிட்டது. யாரை ஏற்றிப்போக வந்ததோ அவருடைய அரிவாளாலேயே கார் பஞ்சர் ஆனது. இதைப் பின்னால் நாங்கள் எத்தனை தடவை சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை.

அதன் பிறகு காற்றுப் போன சக்கரத்தோடேயே கார் உருண்டு உருண்டு என் கடைக்கு வந்து சேர்ந்தது. காரின் ஸ்டெப்னி அதற்கு இரண்டு நாள் முன்பே என்னிடம் ஒட்டுக்கு வந்து, வேலை முடிந்து கடையில் கிடந்தது. கேட் சாத்தியிருந்தது. ரயில் வந்து போவதற்குள் சக்கரத்தை மாற்றிவிடலாம் என்று ஜாக்கியை வைத்தேன். வெள்ளை வேட்டியோடு தியாகேசன் ஐயாவே கீழே இறங்கி ஜாக்கியைச் சுற்றினார், கோவிந்தராசு சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தார், நான் நட்டு முடுக்கினேன். என் மனைவி பூவம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தாள். கேட் திறந்தபோது கார் தயாராக இருந்தது. மூன்று பேர் கையும் ஒரே சக்கரத்தில் இருந்த அந்த நேரத்தைப் போல ஒரு நேரம் என் கடைக்குப் பிறகு வரவே இல்லை.

அன்று மாலை பெண் குழந்தை பிறந்தது. ஆனந்தவல்லி என்று தன் தாயார் பெயரைத் தியாகேசன் ஐயாவே வைத்தார். மறுநாள் அவர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி, வெட்டுப்பட்ட டயரைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது இனிமே தாங்காது அல்லா பிச்சை. தூக்கிப் போட்டுட்டு வேற டயர் போட்டுடு" என்றார். நானும் சரிங்க ஐயா என்றேன்.

நான் தூக்கிப் போடவில்லை. என் முதல் குற்றம் அது. டயர் அப்போது சுலபத்தில் கிடைக்காது என்பது ஒரு காரணம். அந்தக் காரணத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள விரும்பவில்லை. அந்த டயரைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதோடு, இப்படிப்பட்ட வெட்டையும் என்னால் ஒட்ட முடியும் என்கிற கர்வமும் இருந்தது. உள்பக்கம் அரம் போட்டுத் தேய்த்து, பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, வெளிப்பக்கம் வேகாத பச்சை ரப்பரை அடைத்துச் சூடு வைத்து எடுத்தேன். வெட்டு எங்கே என்று எனக்கே கண்ணால் தெரியாது, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை ரிம்மில் மாட்டி ஸ்டெப்னியாக டிக்கியில் வைத்துவிட்டேன். மாற்றிவிட்டேன் என்றும் சொல்லவில்லை, மாற்றவில்லை என்றும் சொல்லவில்லை. டிக்கியைத் திறந்து பார்க்கும் பழக்கம் ஐயாவுக்குக் கிடையாது. பிறகு வந்த பஞ்சர் எல்லாம் என் கடைக்கே வந்து ஒட்டிப் போனதால் அந்த ஸ்டெப்னியை மாட்ட வேண்டியும் வரவில்லை.

நான் போடுகிற ஒட்டு எல்லாவற்றிலும் உள்பக்கம் காய்ச்சிய ஊசியால் ஒரு பிறைக் குறி வைப்பது என் வழக்கம். ஒட்டு விட்டுப்போனால் இது யார் வேலை என்று வாதாட வேண்டியதில்லை, குறியைப் பார்த்தால் கூலி வாங்காமல் திரும்ப ஒட்டிக் கொடுப்பேன். அந்த ஒரு துண்டில் மட்டும், குழந்தை பிறந்த சந்தோஷத்தில், பிறையின் வயிற்றில் ஒரு புள்ளியும் வைத்தேன்.

அதன் பிறகு வந்த வருடங்கள் நல்ல வருடங்கள். ஆனந்தவல்லி நடக்கப் பழகியதும் சாலையில் கார் வரக் கண்டால் கையைக் காட்டுவாள். கார் நிற்கும். கேட் வரைக்கும் ஏற்றிவந்து என் கடையில் இறக்கிவிட்டுப் போவார்கள். பழைய டியூபில் ரப்பர் வளையல் வெட்டி அவள் கை நிறையப் போட்டு அனுப்புவேன். கேட் எவ்வளவு நேரம் சாத்தியிருந்தாலும் தியாகேசன் ஐயா முகம் சுளிக்க மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். கோவிந்தராசு சைக்கிளில் வந்தால் இறங்கி நிற்பார், ஐயா உட்காரச் சொல்வார், அவர் உட்கார மாட்டார், இப்படியே அந்தப் பேச்சு நடக்கும்.

பிறகு குத்தகைக்காரர்கள் பெயரைப் பதியச் சட்டம் வந்தது. போன வருடம் கோவிந்தராசு தன் பெயரைப் பதிய மனுக் கொடுத்தார். நிலத்தைத் தான் சொந்தமாகப் பண்ணுவதாக ஐயா ஆட்சேபணை கொடுத்தார். இரண்டு பேரிலும் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், உழுதவர் பெயர் பதிவதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பேச்சு நின்றுபோனதில் எனக்கு வருத்தம். போன ஆடியில் என் கடை வாசலில் நின்று ஆனந்தவல்லி கையைக் காட்டினாள். கார் நிற்கவில்லை. அவள் கையை இறக்காமல் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்ற மாதம் 27ஆம் தேதி மன்னார்குடியில் அந்தப் பதிவு விசாரணை. காலை ஒன்பதே முக்காலுக்குக் கார் என் கடை முன் நின்றது, கேட் சாத்தியிருந்தது. தற்போதைய டிரைவர் ரெத்தினம், வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பின் சக்கரம் லாட ஆணி ஏறிப் பஞ்சர் ஆகிவிட்டதாகவும், ஸ்டெப்னியை மாட்டி வந்ததாகவும் சொல்லி, பஞ்சரான சக்கரத்தை என்னிடம் இறக்கினார். பஞ்சர் ஆன இடம் கோவிந்தராசின் வயலுக்கு எதிரே என்றும், தனியாகத் திண்டாடியபோது கோவிந்தராசே அறுப்பிலிருந்து அரிவாளும் கையுமாக வந்து சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்ததாகவும், ஐயா பின் ஸீட்டில் இருந்தும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றும் ரெத்தினம் என்னிடம் சொன்னார். அதன் பிறகு அவர், "பாய், ஸ்டெப்னி பழசா இருக்கே, மன்னார்குடி வரைக்கும் தாங்குமா? இல்ல இதை ஒட்டி மாட்டிக்கிட்டே போயிடவா?" என்று கேட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு என் டயர் தரையில் நிற்கிறது. தடவினேன், வெட்டு கைக்குத் தட்டுப்பட்டது. லாட ஆணி ஓட்டையை ஒட்ட எனக்கு அரை மணி போதும். ஐயாவுக்கு விசாரணைக்கு நேரமாகிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் நேரத்தை நினைத்து நான் பதில் சொல்லவில்லை. அந்த நாள் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "தாங்கும், போங்க" என்றேன். பன்னிரண்டு வருடம் சும்மா கிடந்த ரப்பர் காய்ந்திருக்கும் என்று என் தொழிலில் நேற்று வந்தவனுக்குக்கூடத் தெரியும்.

கேட்டுக்குத் தெற்கே இரண்டு மைலில் டயர் வெடித்து, கார் வாய்க்காலில் இறங்கிவிட்டது. ரெத்தினத்துக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஐயாவுக்கு நெற்றியில் ஆறு தையல். சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தவர் கையில் அரிவாள் இருந்தது என்று கோவிந்தராசு மேல் சந்தேகம் விழுந்தது.

29ஆம் தேதி ஏட்டையா அந்தச் சக்கரத்தைக் கொண்டுவந்து, டயரைக் கழற்றிப் பார்த்துச் சொல்லும்படி கொடுத்துவிட்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனார். கழற்றினேன். அடைத்த ரப்பர் பிய்ந்து வெட்டு வாயைத் திறந்திருந்தது. உள்ளே ஒட்டின துண்டு ஓர் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து டியூப் பெட்டிக்கு அடியில் போட்டேன். ஒட்டு அடையாளம் தெரியாமல் அரம் போட்டும் தேய்த்தேன். அல்லா பிச்சை போட்ட ஒட்டு ஆளைக் கவிழ்த்தது என்று ஊர் பேசுமே என்ற ஒரே எண்ணம்தான். ஏட்டையா வந்து, "என்ன பாய், அருவா வெட்டா?" என்று கேட்டார். "ஆமாங்க, அருவா வெட்டுதான்" என்றேன். எப்போது வெட்டியது என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எழுதினதற்குக் கைரேகை வைத்தேன். அன்று மாலையே கோவிந்தராசைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது என் கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

முந்தாநாள் பூவம்மாள் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே, "பாய், அன்னிக்கு என் அருவாமேலதான் காரு ஏறுச்சு. எனக்கு நேத்து நடந்தாப்புல இருக்கு. ஒங்களுக்கு நெனப்பிருக்கா?" என்று கேட்டார். அந்த டயர்தான் இந்த டயர் என்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று சொல்ல வேறு வழி தெரியாமல் அந்த நாளைச் சொல்லியிருக்கிறார். நான் இருக்கு என்றேன். அவர் போன பிறகு என் மனைவி, "நெனப்பிருக்குன்னு அவகிட்ட சொன்னா போதுமா?" என்றாள். ஒன்பது நாளாகத் தூங்காதவனை அவள் கவனிக்காமலா இருப்பாள்.

நேற்று துண்டை எடுத்துக்கொண்டு தியாகேசன் ஐயா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றிக் கட்டோடு படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "அந்த டயரா?" என்றார். "அதேதாங்க ஐயா" என்றேன். துண்டை வாங்கிப் பிறையையும் புள்ளியையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அதன் பிறகு, "அவன் சக்கரத்தைத் தூக்கறப்ப நான் கார் கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டேன்" என்று சொன்னார். கடைசியில் துண்டை என்னிடமே கொடுத்து, "குத்தகை கேசு வேற, இது வேற. அதை நான் விடமாட்டேன். நீ போய் உள்ளதைச் சொல்லு" என்றார். என்னை வையவில்லை. வைதிருக்கலாம்.

கோவிந்தராசு டயரை வெட்டவில்லை. அது 1959இல் அவர் மனைவியின் அரிவாள் பட்ட வெட்டு. ஒட்டியதும், தாங்கும் என்றதும், துண்டை மறைத்ததும் நான். இதற்காக என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். மேற்படி துண்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இந்த முறை ஒன்றும் விட்டுப்போகவில்லை. கைரேகை வைக்கச் சொன்னார்கள். போன முறை வைத்த கைரேகையை நம்பி ஒருவர் உள்ளே போனதால், அதோடு என் தொழில் குறியையும் வைக்க அனுமதி கேட்டேன், சப் இன்ஸ்பெக்டர் ஐயா கொடுத்தார்கள். கீழே நான் வரைந்திருப்பது ஒரு பிறை, அதன் வயிற்றில் ஒரு புள்ளி. துண்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அல்லா பிச்சை — இடது கைப் பெருவிரல் ரேகையும் குறியும்.