மாடியில் வைத்த தூசி மெஷின்

இல்ல சார், நீங்களே சொல்லுங்க. வெள்ளைச் சட்டையக் காயப்போட்டா சாம்பல் சட்டையா எறங்குது, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? பாத்து ஏறுங்க, மூணாவது படி ஆடும். நேத்து அந்த மெஷினத் தூக்கிட்டு நீங்க ஏறினப்ப நான்தான் பின்னாடி தாங்கிக்கிட்டே வந்தேன்.

சலவைக்கடைக்காரன் துணியே அழுக்கா இருந்தா எவன் சார் துணி போடுவான்? என் பொழப்பே ஆஸ்பத்திரி கோட்டுதான். போன வாரம் டாக்டரம்மா ஒரு கோட்ட ரெண்டு வெரலால தூக்கிக் காட்டி, "இது கோட்டா, அடுப்பு தொடைக்கிற துணியா?"ங்கிறாங்க... மூக்காலதான் பேசுவாங்க, இந்தா இப்பிடி. இன்னொரு தடவ இப்பிடி வந்தா வேற கடையாம். அப்புறம் நான் கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.

எல்லாம் அந்தா நிக்குதே, அந்தக் கம்பெனி சிம்னி பண்ற வேலை. அங்க மேனேஜர்கிட்ட மூணு தடவ போனேன். தொந்தியத் தடவிக்கிட்டே, "அது வெறும் ஆவிப்பா... ஊர்ல ஜனம் பெருத்துப் போச்சு, ஆளுக்கொரு வண்டி, தூசி அங்கேர்ந்து வருது"ங்கிறாரு. பெருத்துதான் போச்சு, யாரு இல்லேன்னா? நான் கடை போட்டப்ப இந்தத் தெருவுல பதினோரு வீடு. இப்ப வீட்டு மேல வீடு, அதுக்கு மேல தகரக் கொட்டாய். அத்தன பேரும் யாரு? அவரு கம்பெனிக்கு வேலைக்கு வந்தவங்கதான? வரச் சொன்னதும் அவரே, கூட்டம்னு சலிச்சுக்கிறதும் அவரே. அவரு வீட்ல நாலு காரு சார், ஒண்ணு நாய் காத்து வாங்கப் போறதுக்கு.

நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. என் இஸ்திரிப் பெட்டியிலயும் கரிதான் எரியுது. "நீயே ஒரு குட்டி ஃபேக்டரிய்யா"ன்னு வீட்டுக்காரி சொல்லுவா. ஆனா என் புகை என் மூக்கோட போச்சு, ஊரான் கொடியில போயா உக்காருது?

ஒன்றரை வருஷம் மனு மேல மனு போட்டு, உங்க மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் மனசு எறங்கி மெஷின் வந்துச்சு. ஒரு நாள் பூரா காத்த உறிஞ்சும், நாளைக்கு வந்து ரிசல்ட் எடுத்து, கம்பெனிக்கு வடிகட்டி மாட்டச் சொல்லி ஆர்டர் போடுவோம்னீங்க. வேற என்னமோ கூட சொன்னீங்க, நான் அப்ப டாக்டரம்மா கதைய உங்களுக்குச் சொல்லிட்டிருந்தேன்.

தொறங்க தொறங்க, நீங்களே பாருங்க. காலையில நான் மூடியத் தொறந்தா, உள்ள நீங்க வச்ச வெள்ளத் தாளு கரிக்கட்டை மாதிரி கெடக்கு. எனக்கு மானமே போச்சு. ஆபீசர் வந்து பாத்தா, சலவைக்காரன் வீட்ல வச்ச பொருளு இந்த லட்சணமான்னு காறித் துப்ப மாட்டாரு? சோப்புல ஊறப்போட்டேன், பாழாப்போனது கரைஞ்சு போச்சு. விடுவனா? அதே அளவுக்குப் புது வெள்ளத் துணி வெட்டி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மாட்டிட்டேன். அதுவும் உங்க வண்டிச் சத்தம் கேட்டப்புறம்தான் மாட்டுனேன். ஒரு புள்ளி காட்டுங்க பாப்போம்.

ஏன் சார் தரையில உக்காந்துட்டீங்க?

என்னது... அந்த அழுக்குதான் ரிசல்ட்டா? அத எடை போட்டுத்தான் ஆர்டரா? இத நேத்தே சொன்னீங்களா?

...சொல்லியிருப்பீங்க.

சரி, மறுபடி எப்ப வைப்பீங்க? எட்டு மாசம் கழிச்சா? எட்டு மாசம் டாக்டரம்மா தாங்க மாட்டாங்க சார்.

சார், போகாதீங்க, ஒரு நிமிஷம் நில்லுங்க. ஊறப்போட்ட தண்ணிய நான் ஊத்தல. கருகருன்னு வாளியில அப்பிடியே இருக்கு. மூடி போட்டுத் தரேன்... எடை போட்டுப் பாக்குறீங்களா?