அவர் பேச்சு எனக்குத்தான் புரியும்

என் கணவருக்கு மிக்ஸி சத்தம் ஆகாது. ஓடினால், "இது வீடா, மில்லா?" என்று உள்ளே இருந்து குரல் வரும். அவரை எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நாத்தனார் இப்போது சொந்தக்காரர்களிடமெல்லாம் ஏதேதோ சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அவருக்கு வந்தது நரம்பு நோய். தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். அவருக்குப் புத்தி மட்டும் அப்படியே இருந்தது. முதலில் கை போனது, அப்புறம் நாக்கு. பேச்சு குழறிக் குழறி, கடைசியில் என்னைத் தவிர யாருக்கும் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, "உனக்கு ஒரு மண்ணும் புரியாது" என்று சொல்லி வந்தவர்.

ஆரம்பத்தில் சின்னச் சின்னதாகத்தான் மாற்றினேன். பிசியோதெரபி செய்ய வந்தவரை "எருமை" என்றார். வந்தவர், "என்னம்மா சொல்றார்?" என்று கேட்டார். "அருமைன்னு சொல்றார்" என்றேன். அவர் குளிர்ந்துபோய் இவர் காலை இன்னும் நாலு தடவை மடக்கினார்.

நாத்தனார் வந்தால் இவர், "இருந்துட்டுப் போ" என்பார். "அண்ணன் டயர்டா இருக்காராம், இன்னொரு நாள் வரச் சொல்றார்" என்பேன். உட்கார்ந்தால் அவள் லேசில் எழுந்திருக்க மாட்டாள்.

பேச்சுப் பயிற்சி தருகிறவர் எழுத்துப் பலகை ஒன்று கொண்டுவந்தார். நோயாளி கண்ணால் எழுத்தைக் காட்டினால் போதும், எதிரில் இருப்பவர் படித்துக்கொள்ளலாம். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்ங்கிறார். தமிழ்ல இருநூத்தி நாப்பத்தேழு எழுத்து, தண்ணி கேட்டு முடிக்கறதுக்குள்ள தாகமே போயிடும்னு சொல்றார்" என்றேன்.

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த நிலைமையிலும் சாருக்கு எவ்வளவு தமாஷ் என்று பாராட்டிவிட்டுப் பலகையோடு போனார்.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷின் வைத்தால் சில வருடம் இருக்கலாம். இல்லையென்றால் சில வாரம்தான். திணறல் தெரியாமல் மருந்து கொடுப்பார்கள். டாக்டருக்கு எனக்கு மகளாக இருக்கிற வயதுதான். நல்ல பெண். "முடிவு அவரோடதும்மா. நீங்க எதையும் தீர்மானிக்க வேணாம். அவர் சொல்றதை அப்படியே சொன்னா போதும்" என்றாள்.

எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் வழக்கமில்லை. என் கர்ப்பப்பையை எடுத்தபோது டாக்டர் என்னைத்தான் கேட்டார். இவர்தான், "அவளுக்குச் சம்மதம்தான், எடுத்துடுங்க" என்றார். நான் குறையாகச் சொல்லவில்லை. குடும்பமென்றால் ஒருத்தர் பேசினால் போதாதா?

டாக்டர் குனிந்து, "மெஷின் வைக்கலாமா சார்?" என்றாள்.

"வேணும்" என்றார்.

அவர் வாயில் வேணும், வேணாம் இரண்டும் ஒரே முனகல்தான். எனக்கு வித்தியாசம் தெரியும்.

"வேணாம்ங்கிறார்" என்றேன்.

மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை அழுதுவிட்டார். வேண்டுமென்றால் கண்ணை மூடித் திறக்கச் சொன்னாள் டாக்டர். அழுகிற கண் மூடித் திறந்துகொண்டேதானே இருக்கும்?

"ஏம்மா அழறார்?"

"இந்த நோய்ல காரணமில்லாமலே அழுகை வரும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க."

டாக்டர் தலையாட்டிவிட்டு என் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

மிக்ஸியையே தாங்காத மனுஷன், தலைமாட்டில் ஒரு மெஷின் நாள் முழுக்க ஓடினால் தாங்குவாரா? துளையில் சளி உறிஞ்ச ராத்திரியெல்லாம் நான் விழித்திருக்க வேண்டும் என்பதை அப்போது யோசிக்கவே இல்லை. அப்புறம்தான் யோசித்தேன். கொஞ்சம் முன்னாலும்.

அதற்குப் பிறகு சில வாரம் இருந்தார். போகிறவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் துடைக்கப் போனால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். "ஏதாவது சொல்லணுமா?" என்று தினமும் கேட்டேன்.

நாத்தனாருக்கு நான் சொல்வது இதுதான். அந்த முடிவு பிடிக்கவில்லை என்றால் அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்படியே போய் டாக்டரிடம் சொல்லியிருப்பேன்.