இத்தாலியிலிருந்து வந்த சன்னதி

— இதுல முருகனை வைக்க முடியாது அண்ணாச்சி.

— வாத்தியாரே, இந்த மாடத்து உள்சுவத்துல முருகன் படம் எழுதத்தான் உங்களைக் கூப்பிட்டேன். வைக்கலாமா கூடாதான்னு கேக்கக் கூப்பிடல. நாளைக்குக் காலையில புது வீட்டுல பால் காய்ச்சு. அதுக்குள்ள முடியுமா, அதைச் சொல்லுங்க.

— எழுதறது அரை நாள் வேலை. ஆனா எழுதப்படாது. பெருமாளே, இதை நான் எப்படிச் சொல்லுவேன். நீங்க இதை என்னன்னு நினைச்சு வாங்கினேள்?

— நினைக்கதுக்கு என்ன இருக்கு. பூஜை மாடம். ரெண்டு பக்கமும் தூண், மேல உத்தரம், நடுவுல விளக்கு வைக்க இடம். பூராவும் இத்தாலிச் சலவைக்கல். கப்பல்லேருந்து தோணியில இறக்கையில எட்டு பேரு பிடிச்சாவ.

— படத்தைப் பார்த்துத்தானே எழுதிப் போட்டேள்?

— பின்ன? போன வருஷம் சீமை ராஜா வெள்ளி விழாவுக்கு வந்த கப்பல் ஏஜெண்டு குடுத்த கேட்லாக்கு. புது வீட்டுக்கு எதை வாங்கன்னு ஒரு வாரமாக் குழம்பிட்டுக் கிடந்தேன். ஒருநாள் காலையில கண்ணு முழிச்சா, தலமாட்டுல இந்தப் பக்கம் விரிஞ்சு கிடக்கு. முருகனே எடுத்துக் காட்டுன மாதிரி. ஏளா முத்துக்கனி, அந்தக் கேட்லாக்கைக் கொண்டா.

— இந்தா. இளநி குடிங்க சாமி. அடுக்களையிலேருந்து இங்க நடந்து வாரதுக்குள்ள எனக்கே ஒண்ணு வேணும்போல இருக்கு.

— பாருங்க வாத்தியாரே. உள்ள தீபம் எரியுது. மேல ரெண்டு சாமி நிக்கி. முன்னால வெள்ளைக்காரன் பொண்டாட்டி பிள்ளையோட உக்காந்து, கையை நீட்டிக் கும்பிடுதான்.

— கும்பிடலை அண்ணாச்சி. குளிர் காயறான்.

— எதுல?

— நெருப்புல. அது தீபம் இல்லே, விறகு எரியறது. மேல நிக்கறதும் சாமி இல்லே, அலங்காரப் பொம்மை. இது கணப்பு. குளிர் தேசத்து அடுப்பு.

— அடுப்பா?

— அடுப்புதான்.

— ஏளா, கேட்டியா? தூத்துக்குடியில, இந்த வெயில்ல, கூடத்துல நான் அடுப்பு வாங்கி வச்சிருக்கேனாம்.

— கேட்டுச்சு.

— வாத்தியாரே, நல்லாத் தெரியுமா? உங்களுக்கும் வயசாகுதுல்லா.

— மெட்ராஸ் ஆர்ட்ஸ் ஸ்கூல்ல அஞ்சு வருஷம் படிச்சவன் நான். எங்க துரை இதை மட்டும் மூணு நாள் பாடம் நடத்தினார். நீங்க குளிர்னு ஒண்ணைப் பட்டதே இல்லையா?

— மார்கழியில ஒரு போர்வை. அதுவும் விடியுறதுக்குள்ள காலால தள்ளிருவேன். இவதான் சின்னதுல கொடைக்கானல்ல வளந்தவ. எங்க மாமனாரு அங்கன பலசரக்குக் கடை வச்சிருந்தாரு. ஏளா, அங்க இப்படி எதும் உண்டா?

— ஏழு வயசுல நான் என்னத்தைக் கண்டேன். நீங்க சொல்லுங்க சாமி.

— ஆதியில அவா ஊர்ல கூடத்து நடுவுல, தரையிலேயே தீ மூட்டுவா. புகை போகக் கூரையில ஒரு ஓட்டை. சமையல், சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் அதைச் சுத்தித்தான். அப்பறம் தீயைச் சுவரோரம் தள்ளிப் புகைக்கூண்டு கட்டினா. பிரபுக்களுக்கு அது வெறும் பொந்து மாதிரி இருந்தது, பிடிக்கலை. கிரேக்கக் கோயில்லேருந்து தூணையும் உத்தரத்தையும் கடன் வாங்கி வாசல் வச்சா. இதோ பாருங்கோ, தூண்ல நெடுக வரி, உச்சியில சுருள் இலை. கோயில்னு நீங்க நினைச்சது முழுத்தப்பு இல்லே. வாசல் கோயிலோடதுதான். உள்ள இருக்கறதுதான் வேற.

— சமையலும் அதுலயேவா சாமி?

— ஆதியில அதுலயேதான். பின்னால சமையலைக் கொல்லைப்பக்கம் அனுப்பிட்டா. தீ மட்டும் கூடத்துல நின்னுது.

— தீக்குக் கூடத்துல இடம் உண்டு. பொம்பளைக்குத்தான் இல்ல.

— ஏளா, இப்ப அதா முக்கியம்?

— நீங்களும் அதானே செஞ்சிருக்கிய. இங்கேருந்து அடுக்களைக்கு நாப்பத்தெட்டு காலடி, எண்ணிட்டேன். பழைய வீட்டுல நீங்க பேசுறது உலை கொதிக்கையிலேயே காதுல விழும். இங்க நீங்க சிரிச்சா, எதுக்குச் சிரிச்சியன்னு எனக்கு மறுநாள்தான் தெரியும்.

— நான் இங்க அழுதுகிட்டு நிக்கேன், இவ சிரிப்பைப் பத்திப் பேசுதா. வாத்தியாரே, இந்தப் பத்திரிகையைப் படிங்க.

— "இத்தாலி தேசத்துச் சலவைக்கல் சன்னதியில் ஸ்ரீ சண்முகநாதர் எழுந்தருள..." பெருமாளே. எத்தனை அடிச்சேள்?

— ஐநூறு. சாத்தான்குளத்துக்கு மட்டும் நூறு. எங்க அக்கா மாப்பிள்ளை இசக்கியப்பன் அத்தான் முதல் பஸ்ஸுல வாராரு. என் கல்யாணத்துல தலப்பா அவிழ்ந்து விழுந்ததை பதினெட்டு வருஷமாச் சொல்லிச் சிரிக்க ஆளு. இந்தப் பிச்சையா அடுப்புல முருகனை வச்சான்னு தெரிஞ்சா என்ன ஆவும்? என் பேரன் கல்யாணத்துலயும் இதைத்தான் பேசுவாவ. நான் கடையைத் திறக்க முடியாது.

— மேல பட்டுத்துணி போட்டு மூடிடலாமா?

— எங்க அத்தானா? வந்ததும் துணியைத்தான் முதல்ல தூக்குவாரு. இதைத் திரும்பத் தோணியில ஏத்திக் கடல்லயே தள்ளிருதேன்.

— எட்டு பேரு பிடிச்சதை இந்நேரம் யாரு தூக்குதது? இங்கேருங்க. நாளைக்குப் பாலை எதுல காய்ச்சணும்?

— அடுப்புல.

— இது என்னது?

— ஏளா, நீயுமா?

— கேக்கேன்லா. இது என்னது?

— அடுப்பு.

— அப்ப இதுலயே காய்ச்சுவோம்.

— பத்திரிகையில சன்னதின்னு அடிச்சிருக்கேளே?

— அக்கினி பகவானுக்குச் சன்னதி இருக்கப்படாதா சாமி?

— பேஷ். முருகனே நெருப்புப் பொறியிலேருந்து வந்தவர்தானே. மேல சுவத்துல நான் அவரை எழுதிடறேன். கீழ தீ. பத்திரிகையில ஒரு எழுத்து மாத்த வேண்டாம் அண்ணாச்சி.

— இருங்க, இருங்க. புகை? நேத்துத்தான் வெள்ளையடிச்சிருக்கு. புகைக்கூண்டு வேணும்னு நீங்கதானே சொன்னிய.

— ஆமாம், அதை விட்டுட்டேன். நகருங்கோ, தலையை உள்ள விட்டுப் பார்க்கறேன்.

— என்ன தெரியுது?

— வானம்.

— வானமா?

— காக்கா ஒண்ணு குறுக்கே போறது.

— அடப்பாவி. அது கொத்தனார் சங்கரலிங்கம் விட்ட ஓட்டை. காத்துக்குன்னான். அடைச்சிருலேன்னு ரெண்டு நாளா ஏசுனேன், தலையை ஆட்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான்.

— காத்துக்கு விட்டது இல்லே அண்ணாச்சி. கீழ அகலம், மேல போகப் போகக் குறுகல், நடுவுல ஒரு படி. எங்க துரை போர்டுல போட்ட படம் அப்படியே இருக்கு.

— பத்த வச்சுப் பாத்துருவோம். ஏளா, காஞ்ச ஓலை ஒண்ணு கொண்டா.

— கையிலதான் இருக்கு.

— தீப்பெட்டி?

— அதுவும்.

— மெள்ள, மெள்ள. தூண்ல படாம. ஏ, வாத்தியாரே, அங்கன பாருங்க. புகை கயிறு பிடிச்ச மாதிரி நேரா ஏறுது. ஒரு பொட்டு வெளிய வரல.

— மேல கடல்காத்து. நன்னா இழுக்கறது.

— நாளைக்கு அத்தானை இங்கன நாற்காலி போட்டு உக்கார வைக்கேன். அவரு மூக்குக்கு நேரா பால் பொங்கணும். வாத்தியாரே, அந்தச் சரித்திரத்தை நீங்க முதல்லேருந்து சொல்லணும். கிரேக்கத்தை விட்டுராதீய.

— சொல்றேன். ஒரு சந்தேகம் மட்டும் கேக்கறேன். உங்க சங்கரலிங்கம் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேலை பார்த்தவனா?

— அவனா? சாத்தான்குளத்தை விட்டா இந்தத் தூத்துக்குடிதான். மலையை அவன் படத்துல கூடப் பாத்திருக்க மாட்டான். ஆமா, அப்ப அவனுக்கு அளவு யாரு சொன்னது?

— நான்தான்.

— நீயா?

— கொடைக்கானல்ல துரைசானி வீட்டுக்கு முட்டை கொண்டுபோவேன். ரெண்டு வருஷம். உள்ள கூப்பிட்டு, இதே மாதிரி அடுப்புகிட்டதான் உக்கார வைப்பாவ. கை காயுற வரைக்கும் அண்ணாந்து அண்ணாந்து பாத்துகிட்டே இருப்பேன்.

— அப்ப, அந்தக் கேட்லாக்கு?

— பக்கத்தை விரிச்சு உங்க தலமாட்டுல வச்சதும் நான்தான். கூடத்துல எனக்கொரு அடுப்பு வேணும்னு கேட்டா, நீங்க சிரிச்சிட்டுக் கடைக்குப் போயிருப்பிய. முருகனுக்கு மாடம்னு நீங்களா நினைச்சா, இத்தாலியிலேருந்து கப்பல்ல வரும்.