ஏழு அறை மாத்திரைப் பெட்டி

என் வீட்டுக்காரருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது புதிதல்ல, டாக்டர். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கால்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்னீசியம் மாத்திரை ஒன்று என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள். அது மூளைக்கும் நல்லதாம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து சந்தோஷப்பட்டார்.

அவர் மறப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வரச் சொல்லி இந்தத் தாளை என்னிடம் தந்தீர்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சுத்தமாக இருக்கும்போது கோளாறு எங்கே என்று உங்களுக்குப் பிடிபடவில்லை. உங்களை இதற்கு மேல் குழப்ப மனசில்லை. எனக்கும் தெம்பில்லை.

முப்பது வருஷம் உதிரிபாகக் கிடங்கில் இருந்தார். எந்த போல்ட் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அங்கே அவருக்குக் கம்ப்யூட்டர் என்று பட்டப்பெயர். அதை வீட்டுக்கும் எடுத்து வந்துவிடுவார் என்பதுதான் சிக்கல். நான் யாரிடமாவது ஏதாவது சொல்ல வாயெடுத்தால் போதும். “அது வியாழக்கிழமை இல்ல, புதன்கிழமை” என்பார். “நாலு பேர் வரல, அஞ்சு பேர்.” கோபமாகச் சொல்ல மாட்டார். அவர் சொன்னதுதான் சரியாகவும் இருக்கும். என் அம்மா உயிர் போன கதையைத் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நேரத்தைத் திருத்தினார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பேச்சைக்கூட நான் முழுசாகப் பேசி முடித்ததாக நினைவில்லை. இதையும் அவரிடம் கேட்டால், இல்லை, இரண்டு தடவை முடித்தாய் என்று தேதியோடு சொல்வார்.

மாத்திரைக்கு ஏழு அறை வைத்த பெட்டி ஒன்று வைத்திருந்தார். ஞாயிறு முதல் சனி வரை அவரே நிரப்புவார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேசையைத் துடைக்கும்போது கை பட்டு அது கீழே விழுந்து திறந்துகொண்டது. இருந்த ஐந்தில் நான்கு மாத்திரைதான் கைக்குக் கிடைத்தது. ஐந்தாவது ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடிவிட்டது. நான்கையும் புதனிலிருந்து சனி வரை போட்டு மூடினேன். சாப்பிட்டு முடித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

சாப்பிட்டு வந்து பெட்டியைத் திறந்தவர் செவ்வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நான் மாத்திரை போட்டுட்டேனா?”

அவருக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

“இப்பத்தானே போட்டீங்க” என்றேன்.

“அப்படியா” என்றார். திருத்தவில்லை.

ஓடிப்போன மாத்திரையைத் துடைப்பத்தால் தள்ளி எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த வாரம் ஒரு நாள், அவர் விழுங்கிவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் அதை அன்றைய அறையில் திரும்பப் போட்டேன். “இன்னும் போடலையே நீங்க” என்றதும் இன்னொரு தடவை விழுங்கினார். அன்று அவருக்கு வயிறு சரியில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். சில வாரம் இரண்டு மூன்று நாள் மாத்திரையை எடுத்துவிடுவேன். சாயங்காலம் கால் இழுத்துக்கொள்ளும். என் தோளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். நான் கீழே உட்கார்ந்து நீவிவிடுவேன். “நீ இல்லைன்னா என் கதி என்ன” என்பார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

பிறகு கண்ணாடி. பிறகு சாவி. நல்லவேளையாக அடுப்பில் மட்டும் நான் கை வைக்கவில்லை, அது ஆபத்து. இதெல்லாம் சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு ஆளை மறக்க வைப்பதற்கு நாம் எதையும் மறக்கக் கூடாது. எதை எங்கே நகர்த்தினேன், அவரிடம் என்ன சொன்னேன் என்று தலைக்குள் வைத்துக்கொண்டே சமைத்து, துவைத்து, படுத்து எழுந்தேன். மறக்காமல் இருக்க அவர் எழுதிக்கொண்ட துண்டுச் சீட்டுகள் சட்டைப்பையில் சேர ஆரம்பித்தன. அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு நாள் கிடங்கில் சரியான தட்டைத்தான் காட்டியிருக்கிறார். ஆனாலும் சந்தேகப்பட்டு மூன்று தடவை போய்ப் பார்த்தாராம். அடுத்த மாதம் அவராகவே வேலையை விட்டுவிட்டார். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கிடங்கில் நான் காலடி எடுத்து வைத்ததே கிடையாது.

போன மாதம் மகள் நான்கு மாதக் குழந்தையோடு வந்தாள். “அப்பா, கொஞ்சம் பிடிங்க, முகம் கழுவிட்டு வந்துடறேன்” என்று நீட்டினாள். பேத்தி பிறக்கும் முன்பே அவளுக்காகத் தொட்டிலுக்கு வார்னிஷ் அடித்தவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேண்டாம்மா. எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவேன்.”

மகள் சமையலறைக்கு வந்து அழுதாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றவும் செய்தது. அதற்குள் அவள் என்னைக் கட்டிக்கொண்டு, “எப்படிம்மா இதையெல்லாம் தனியா தாங்கறே” என்றாள். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

நான் அவரை ஒரு வேளை பட்டினி போட்டதில்லை. ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. இந்த இரண்டு வருஷத்தில் அவருக்குச் செய்ததுபோல் எந்தப் பெண்டாட்டி செய்திருப்பாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் களைத்துவிட்டேன், டாக்டர். நீங்கள் கேட்ட பட்டியலில் எழுத ஒன்றும் இல்லை. அவர் எதையும் மறக்கவில்லை. எல்லாம் நான் செய்தது.

இப்போது வெளியே பெஞ்சில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். நிதானமாக, இரண்டு மூன்று தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் பாவம், அவருக்கு நினைவில் நிற்காது.