நெரீனாவின் முதல் துப்பாக்கி

— கண்ணை மூடிக்க, நெரீனா. துப்பாக்கியைத் தோள்ல வை. ம், இப்பத் திற. என்ன தெரியுது?

— உன் கடைச் சுவரு தெரியுது, துல்லியோ. ஓதம் ஏறியிருக்கு.

— குழலோட முனையைப் பாரு. சின்னப் பித்தளை மணி ஒண்ணு இருக்கும். தெரியுதா, முங்கிப் போச்சா?

— முங்கிப் போச்சு.

— அப்ப கன்னம் வைக்கிற கட்டை உனக்குத் தாழ்வு. ஆம்பளை முகத்துக்குச் செஞ்சது. கீழ வை. மெதுவா, மெதுவா. வெளிய பனி விலகவே மத்தியானம் ஆகும். இன்னொரு காப்பி போடட்டுமா?

— ரெண்டு காப்பி குடிச்சாச்சு. துப்பாக்கி வாங்க வந்தவளை விருந்தாளி மாதிரி உக்கார வச்சுட்ட.

— முதல் துப்பாக்கி செருப்பு மாதிரி. கடிச்சுதுன்னா அப்புறம் நடக்கவே பிடிக்காது. மேல எறியற களிமண் தட்டைக் குறி பாத்துச் சுடவா, பறவை சுடவா? அதைச் சொல்லு.

— ரெண்டுக்கும்.

— அப்ப குழல் ரெண்டும் மேலயும் கீழயுமா இருக்கறதை எடு. பக்கத்துப் பக்கமா இருக்கறது அழகுதான், ரென்சோகூட அதைத்தான் வச்சிருந்தான். ஆனா புதுசா பழகறவங்களுக்குக் கண்ணு நடுவுல அலையும்.

— என் புருஷன் பேரைச் சொல்ல உனக்கு இவ்வளவு நேரம் ஆச்சு.

— வாய்ல வந்துடுச்சு. மன்னிச்சுக்க.

— அது கிடக்கட்டும். குழல் அளவு என்ன, பன்னெண்டு போரா, இருபது போரா?

— இருபது. குழல் வாய் சின்னது, எடையும் கம்மி, தோள்ல உதையும் கம்மி. அது கையில இருந்தா சதுப்புல நடந்துக்கிட்டே இருக்கலாம். விடியறப்ப அங்க தண்ணி எது, வானம் எதுன்னு தெரியாது. படகு மிதக்குதா பறக்குதான்னு நமக்கே சந்தேகமா இருக்கும். காட்டுவாத்து வர்றது கண்ணுக்கு முன்னால காதுக்குத் தெரியும், யாரோ தூரத்துல பட்டுத்துணியைக் கிழிக்கற மாதிரி. அந்த நேரத்துல பாரு, சுடணும்னே தோணாது. எத்தனையோ தடவை நான் சும்மா நின்னுட்டு வந்திருக்கேன்.

— தோட்டாப் பெட்டியெல்லாம் எதுக்கு மேல் தட்டுல ஏத்தின? நான் உள்ள வர்றப்ப மேசை மேலதான் இருந்துச்சு.

— தூசி துடைக்கலாம்னு.

— ஒண்ணாப் படிச்சவங்க நாம. பொய் சொன்னா நீ காதைத் தடவுவ, இப்பவும் தடவற.

— சரி, கேட்டுடறேன். ஈஸ்டருக்கு முன்னால புருஷனைப் புதைச்சவ. அவன் வேட்டைக்குப் போறான்னு காலம் பூரா சண்டை போட்டவ. திடீர்னு ஒரு நாள் வந்து துப்பாக்கி குடுன்னு நின்னா, நான் என்னன்னு நினைக்கறது?

— நினைச்சதைச் சொல்லேன்.

— அவன் போன இடத்துக்கே நீயும்... வேணாம், சொல்ல வாய் வரல, நெரீனா.

— ஜன்னல்கிட்ட வா. என் வண்டி தெரியுதா? பின் சீட்டுல பாரு.

— ஒரே பனியா இருக்கு... நாயா? ரென்சோவோட தோராவா அது? இப்படி எலும்பாப் போச்சே.

— அவர் போனதுலேர்ந்து கதவோரமாவே கிடந்துச்சு. அவர் துப்பாக்கியைத் தம்பிக்காரன் வந்து எடுத்துட்டுப் போனான். தோரா பின்னாலயே வாசல் வரைக்கும் போச்சு. நின்னு பாத்துது. திரும்பி வந்து படுத்ததுதான். கறி வச்சாலும் திங்கல, சோளக்களி வச்சாலும் திங்கல. நான் திட்டுவேன், அழுவேன். அது கண்ணை மட்டும் திருப்பும்.

— வைத்தியர்கிட்டக் காட்டினியா?

— உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னுட்டார். அப்புறம் லைசென்ஸுக்காகத் தட்டு சுடற மைதானத்துல பழகப் போனேன். வீட்டுல தனியா விட மனசில்ல, அதையும் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டேன். நீ பாத்திருப்ப, தட்டு மேல போய், விழறதா வேண்டாமான்னு யோசிக்கற மாதிரி ஒரு நொடி நிக்கும். நானும் அதையே பாத்துக்கிட்டு நின்னேன். எப்ப விரலை இழுத்தேன்னு தெரியல. தட்டு அது பாட்டுக்குப் போச்சு. திரும்பிப் பாத்தா, தோரா வண்டிக்குள்ள எழுந்து நிக்குது. காது ரெண்டும் மேல.

— எழுந்துடுச்சா.

— கண்ணாடியில மூக்கை அழுத்திக்கிட்டு நின்னுச்சு. எல்லாரும் சுட்டு முடிச்சுத் துப்பாக்கியை மடிச்சப்புறம் கதவைத் திறந்து விட்டேன். புல்லு பூராவும் தேடி, உடைஞ்ச தட்டுல ஒரு சில்லைக் கவ்விக்கிட்டு வந்து என் கால்கிட்ட வச்சுது. பறவையை வைக்கற மாதிரி, பல்லு படாம. வீட்டுக்கு வந்து களியை வழிச்சுத் தின்னுச்சு. ஆனா மைதானத்துத் துப்பாக்கியை வெளிய குடுக்க மாட்டாங்க. அதைச் சதுப்புக்குக் கூட்டிட்டுப் போகணும், துல்லியோ.

— நான் ஒரு மடையன். என்னென்னமோ நினைச்சுட்டேன். இந்தா, இந்த இருபது போரைத் தோள்ல வை. மணி தெரியுதா?

— தெரியுது. மிதக்கற மாதிரி இருக்கு.

— இதுதான் உனக்கு. ஞாயித்துக்கிழமை என் படகுல போலாம், உள்ளான் குருவி வர்ற காலம். நீ சுடலேன்னாலும் பரவால்ல. தோரா முன்னால உக்காந்து காத்தை மோந்துக்கிட்டு வரட்டும்.

— சரி. ஆனா துப்பாக்கி வீட்டுக்கு வரக் கூடாது. உன் பெட்டியிலயே வச்சுப் பூட்டிக்க. போறப்ப நீயே எடுத்துட்டு வா, வந்ததும் நீயே வாங்கி வச்சுக்க.

— எதுக்கு? அதான் லைசென்ஸ் வாங்கிட்டியே, உன்னோடதை உன் வீட்டுல வை. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்னு சொல்றேனே.

— நீ ஒண்ணும் தப்பா நினைக்கல, துல்லியோ. அந்த லைசென்ஸுக்கு நான் எழுதிப் போட்டது தோராவுக்காக இல்ல.